தஸ்தகீர் பாய் சீட்டி

நாற்பது நிமிஷமாகச் சீட்டி அடித்தாகிவிட்டது, குதிரை மூத்திரம் பெய்கிற வழியாக இல்லை. மாசிலாமணிக்கு உதடு மரத்துப்போய், வேறு யாரோ ஆளுடைய உதட்டை வாங்கி ஒட்டவைத்த மாதிரி இருந்தது. ஸ்ஸீ... ஸ்ஸீ... கையில் ஒன்றரை ஆள் நீளத்துக்கு ஒரு கழி, கழி நுனியில் வளையம், வளையத்தில் தகர ஏனம். பெய்கிற நேரம் பார்த்து எட்ட நின்றபடி நீட்டிப் பிடிக்க வேண்டும், பாதி வைக்கோலில் கொட்டிவிட்டால் வெளியே உட்கார்ந்திருக்கிற டாக்டருக்கு மூஞ்சி சுண்டிப்போகும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் உத்தியோகம். ஜெயித்த குதிரைக்கு ஊசி மருந்து போட்டு ஓட்டினார்களா என்று பார்க்க அதன் மூத்திரம் வேண்டும், மூத்திரத்துக்குச் சீட்டி வேண்டும், சீட்டிக்கு மாசிலாமணி வேண்டும். கைக்குழந்தையைக் காலில் உட்காரவைத்துக்கொண்டு பெற்றவள் உஸ்ஸு உஸ்ஸு என்கிறாளே, அதே சமாச்சாரம்தான், என்ன, குழந்தை நானூற்றைம்பது கிலோ. தெருவில் அவருக்குப் பேரே மூத்திரமணி. பொண்ணு கல்யாணத்தில் ஒரு பாவி சம்பந்தி வீட்டார் எதிரிலேயே அப்படிக் கூப்பிட்டுத் தொலைத்தான். சிரித்து வைத்தார். சிரிக்காமல் என்ன செய்ய, சோறு போடுகிற மூத்திரம். ஸ்ஸீ... தொண்டையில் தண்ணீர் இல்லை. குதிரை வாலை ஒரு தடவை விசிறிவிட்டுச் சும்மா நின்றது. வயிறு முட்டிக்கொண்டிருக்கிறது அதற்கு, பின்னங்காலை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்தாலே தெரிகிறது, ஆனாலும் விடமாட்டேன் என்கிறது. இன்னும் இருபது நிமிஷம். ஒரு மணி நேரம் ஆனால் டாக்டர் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடலாம் என்பது சட்டம். ரத்தம் எடுத்தால் மாசிலாமணிக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, கௌரவக் குறைச்சல்தான்.

குதிரைக்குப் பேர் ஈவினிங் பெல். செவலை, உடம்பில் எங்கேயும் ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. போன வருஷமெல்லாம் ஓடின ஓட்டத்தில் கடைசியிலிருந்து எண்ணினால்தான் சீக்கிரம் கண்ணில் படும். அது இன்றைக்கு நாலாவது பந்தயத்தில் மற்றதெல்லாம் பின்னால் வண்டி இழுத்து வருகிற மாதிரி ஆறு குதிரை நீளம் முன்னால் வந்தது. காலரியில் ஒருத்தர் வாயிலும் சத்தமில்லை, யாரும் அதன்மேல் பணம் கட்டவில்லையே. கட்டினவன் எவனோ கட்டியிருக்கிறான், அவன் சத்தம் போடுகிற ரகம் இல்லை. சரி, நமக்கென்ன. வாரைப் பிடித்து நிற்கிற குதிரைக்காரன் யாதகிரி, ஹைதராபாத்திலிருந்து வந்து ரெண்டு மாசம்தான் ஆகிறதாம், நாற்பது வயசு, பாதித் தமிழ், முழுச் சிரிப்பு. வாசலில் கவிழ்த்த பக்கெட்டின்மேல் ஏகாம்பரம் உட்கார்ந்திருக்கிறான். அதுதான் மாசிலாமணிக்குச் சிக்கலாக இருந்தது. ஏகாம்பரம் அந்த லாயத்துக்கு ஜமேதார், அத்தனை குதிரைக்காரர்களுக்கும் மேலாள், டிரெய்னருக்கு வலது கை. குதிரை ஜெயித்தால் ஜமேதார் மாலையைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பான், முதலாளிகள் கொடுக்கிற குளிர்ந்த பாட்டிலைக் குடிப்பான். மூத்திரக் கொட்டடியில் வந்து பக்கெட்டின்மேல் உட்கார அவனுக்கு என்ன தலையெழுத்து? வெற்றிலையை மெல்லுகிறான், வாட்சைப் பார்க்கிறான், குதிரையைப் பார்க்கிறான். முடிஞ்சுதா மணியண்ணே என்று மூன்று தடவை கேட்டுவிட்டான். குரலில் தேன். இந்தத் தேன்தான் மாசிலாமணிக்கு எட்டு மாசமாகக் குமட்டுகிறது. ஸ்ஸீ... ஸ்ஸீ... வேலையைப் பார், வேலையைப் பார்.

எட்டு மாசம். அன்றைக்கு இந்த ஏகாம்பரம்தான் முதலில் பார்த்தது, அவன்தான் சத்தம் போட்டது, அவன்தான் போலீசுக்குச் சொன்னது. அந்த லாயத்துக் குதிரைக்காரர் தஸ்தகீர் பாயைக் குதிரை உதைத்துக் கொன்றுவிட்டது என்று. கேட்டவுடன் மாசிலாமணி ஓடினார், செருப்புக்கூடப் போடவில்லை. லாயத்துக் கொட்டடி ஈரமாக இருந்தது. செத்த மனுஷன் கிடக்க, அதற்குள் தரையை யார் கழுவுவார்கள்? ஏகாம்பரம் கழுவியிருந்தான். விடிந்து அரைமணிகூட ஆகவில்லை, அவன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தான், லாயத்தில் காலை வேலைக்கு எவன் சலவைச் சட்டை போடுகிறான்? இதெல்லாம் அப்போதே கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதெல்லாம் வாயில் வரவேண்டும் என்று எந்தச் சாமி எழுதிவைத்திருக்கிறது? பாய்க்குப் பின்மண்டையில் அடி. முப்பது வருஷம் குதிரையோடு படுத்து எழுந்தவர், குதிரைக்குப் பின்னால் போகவேண்டுமானால் முதலில் அதன் இடுப்பில் கையை வைத்து, நான்தாண்டா ராஜா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஓரடி எடுத்து வைக்கமாட்டார். சரி, என்றைக்கோ ஒரு நாள் மறந்திருப்பார். மறந்தாலும் குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டா நிற்பார்? போலீஸ்காரர் ஏகாம்பரம் சொன்னதை எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மெஹருன்னிசா வந்தாள், பாயின் சம்சாரம், மாசிலாமணி வீட்டு வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்றாலும் வரவில்லை. அவள் அழுதிருந்தால் தேவலை. அழாமல், நேரே முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணே, நீங்க பாத்தீங்க. குதிரை உதைச்சுதான் செத்தாரா?" மாசிலாமணி, "ஆமாம்மா" என்றார். அவ்வளவுதான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். ஒரு ஆமாம்மா. அது நாக்கில் ஒட்டிக்கொண்டு எட்டு மாசமாக இறங்கமாட்டேன் என்கிறது, சோற்றோடு சேர்த்து முழுங்கினாலும் மேலே வருகிறது. ரேஸ் கிளப்பில் இரக்கப்பட்டு அவளுக்குக் காலரி கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். பந்தயம் முடிய முடியக் கிழிந்த டிக்கெட்டைப் பெருக்கிக் குவிக்கிறாள். இந்தக் கொட்டடியின் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே அந்தக் காலரிப் படிகள் தெரியும், அதனால் மாசிலாமணி ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டித்தான் நிற்பது. வீட்டுக்குப் போவதும் பின் கேட் வழியாக, சுற்றுவழி. பாதம் வலிக்கிறது, அதற்காக முன் கேட்டில் போக முடியுமா? ஸ்ஸீ...

பாய் சீட்டியே தனி. ஒவ்வொரு குதிரைக்காரனுக்கும் ஒரு சீட்டி உண்டு, குதிரை அதற்குத்தான் பழகும். ஆள் மாறினால் ஒரு மாசம், ரெண்டு மாசம் தகராறு பண்ணும், பிறகு புதுச் சீட்டிக்கும் இறங்கிவரும், சிலது சாகிறவரைக்கும் இறங்காது. பாய் மூன்று சின்னதாக அடித்து, ஒன்றை நீளமாக இழுத்துக் கீழே இறக்கி, முடிவில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து டொக் என்பார். என்ன பாய், பத்திரம் பதிகிற மாதிரி கடைசியில் முத்திரை குத்தறே என்று மாசிலாமணி கேலி செய்வார். அந்த டொக் இல்லாவிட்டால் பாச்சா மூத்திரம் பெய்யாது. பாச்சா என்பது பாய் வைத்த பேர், ரேஸ் புத்தகத்தில் கோரமண்டல் கிங். நெற்றியில் வெள்ளைப் பொட்டும் பின்னங்கால் ஒன்றில் வெள்ளையுமாக ராஜாதான் அது. அஞ்சு தடவை ஜெயித்தது, அஞ்சு தடவையும் இதே கொட்டடியில் இதே கழியைப் பிடித்துக்கொண்டு மாசிலாமணி நின்றிருக்கிறார், பாய் அடிப்பார், டொக், பொழபொழவென்று கொட்டும். பாய் மாசிலாமணியைப் பார்த்துக் கண்ணடிப்பார். அந்தக் குதிரைக்குத்தான் போன வருஷம் கேடு வந்தது. ஓய்வுக்கென்று டிரெய்னருடைய தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கே கால் முறிந்துவிட்டது, சுட்டுப் புதைத்துவிட்டோம் என்று செய்தி வந்தது. பாய் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். ஒரு பிடி மண்ணாவது போட்டுவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்தவர் அழவில்லை, முகம் வேறு மாதிரி இருந்தது. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து, குழியையே காட்ட மாட்டேங்கறானுங்க மணி, எனக்கு மனசு ஒப்பலே என்றார். விடு பாய், பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கெதுக்கு என்றார் மாசிலாமணி. நல்ல புத்தி சொன்னதாக நினைப்பு. மறுநாள் விடிகாலை பாய் செத்துக் கிடந்தார். மறுநாளே. இதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட ஜோசியனா வேண்டும்? முடிச்சுப் போடாமல் இருக்கத்தான் சாமர்த்தியம் வேண்டும், அந்தச் சாமர்த்தியம் மாசிலாமணிக்கு இருந்தது. உடம்பு பூராவும் இருந்தது. நினைத்துக்கொண்டே இருந்ததில் உதடு தன்பாட்டுக்கு என்னவோ செய்துகொண்டிருந்தது. மூன்று சின்னது, ஒரு நீளம், கீழே இறக்கி, டொக்.

குதிரையின் காது இரண்டும் ஒரே சமயத்தில் பின்னால் திரும்பியது. பின்னங்காலை அகட்டி வைத்தது, முதுகைத் தாழ்த்தியது, வால் எழும்பியது. மாசிலாமணி கழியை நீட்டவில்லை. நீட்டத் தோன்றவில்லை. அடித்தது என்ன சீட்டி என்று காதுக்கு அப்புறம்தான் எட்டியது. வாயை மூடிக்கொண்டார். குதிரை கொஞ்ச நேரம் அப்படியே நின்று, மேலே ஒன்றும் வராததால் காலைச் சேர்த்துக்கொண்டு, கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்த்தது. அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், பாய் எப்போதும் நிற்கிற மூலையைப் பார்த்தது. அய்யோ என்றது மாசிலாமணிக்கு உள்ளே. செத்துப்போனதாகச் சொன்ன குதிரை. சுட்டதும் பொய், புதைத்ததும் பொய், பொட்டையும் காலையும் மையடித்து மறைத்து, ஓடத் தெரியாத ஒரு கழுதையின் பேரில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், ஊர் பூரா ஏமாந்துபோய் நிற்கிறது. பேரை மாற்றினார்கள், நிறத்தை மாற்றினார்கள், குதிரைக்காரனை மாற்றினார்கள், அடையாளம் சொல்லக்கூடிய ஒரே ஆளை மண்டையில் அடித்துப் போட்டார்கள். எல்லாம் செய்தவர்கள் அது எந்தச் சீட்டிக்கு மூத்திரம் பெய்யும் என்பதை யோசிக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்களுக்கு அது எப்படித் தோன்றும், மூத்திரத்தில் நிற்கிறவனுக்கல்லவா தெரியும். வெளியே ஒலிபெருக்கி அஞ்சாவது பந்தயத்துக் குதிரைகளின் பேரைக் கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கத்தலில் ஏகாம்பரத்துக்குக் கேட்டிருக்குமா? மெல்லத் திரும்பினார். ஏகாம்பரம் வாசலுக்கு வெளியே எட்டி வெற்றிலை துப்பிக்கொண்டிருந்தான். கேட்கவில்லை. கேட்டிருக்காது. பன்னிரண்டு வருஷம் பாயோடு ஒரே லாயத்தில் இருந்தவன், கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் துப்பிக்கொண்டிருக்கமாட்டான்.

ஸ்ஸீ... ஸ்ஸீ... தன் பழைய சீட்டியையே அடித்தார், காற்றுதான் வந்தது. பதினஞ்சு நிமிஷம் இருக்குமா? பதினஞ்சு நிமிஷம் வெறும் காற்றை ஊதிக்கொண்டு நின்றால் போதும். டாக்டர் ரத்தம் எடுப்பார், குதிரை போகும், ஏகாம்பரம் போவான், நாளைக்குச் சோறு இருக்கும், பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழு மாசம், பேரனோ பேத்தியோ. யாருக்குத் தெரியும் மாசிலாமணிக்குத் தெரியும் என்று? மாசிலாமணிக்கே தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம், எட்டு மாசம் வைத்துக்கொண்ட பழக்கம்தானே. டாக்டரிடம் சொன்னால்? என்னவென்று சொல்வது, சார் இந்தக் குதிரை செத்தவர் சீட்டிக்கு மூத்திரம் பெய்கிறது, அதனால் இது வேற குதிரை என்றா? கோர்ட்டில் சொன்னால் ஜட்ஜ் சிரித்து எழுந்து போவார். டாக்டரும் அவர்கள் ஆளாக இருந்தால்? இல்லை, பத்ரிநாத் டாக்டர் அப்படிப்பட்டவர் இல்லை. அப்படிப்பட்டவர் இல்லையென்றால் எப்படிப்பட்டவர்? தெரியாது, பத்து வருஷமாக அவரோடு பேசினது மூத்திரம் வந்ததா வரவில்லையா என்பதுதான். சுழி. ஆமாம், சுழி இருக்கிறதே. பாச்சாவுக்கு இடது கழுத்தில் பிடரி மயிருக்கு அடியில் ரெட்டைச் சுழி, பாய் மயிரை ஒதுக்கிக் காட்டியிருக்கிறார், ராஜசுழி மணி, ரெண்டு இருக்கு பாரு என்று. மையடித்து நிறத்தை மாற்றலாம், சுழியை எவன் மாற்றுவான், பிரம்மனாலேயே ஆகாது. ஒவ்வொரு குதிரைக்கும் படம் போட்ட புத்தகம் உண்டு, எந்த இடத்தில் என்ன சுழி என்று அதில் குறித்திருக்கும். புத்தகம் டாக்டர் மேஜையிலேயே கிடக்கிறது. கேட்டில் சரிபார்க்கிறவன் நெற்றியைப் பார்த்து, காலைப் பார்த்து, போ என்று விட்டிருப்பான். மயிரை ஒதுக்கிப் பார்த்தால் ஒரு நிமிஷத்து வேலை. ஒரு நிமிஷம்தான். அப்புறம்? அப்புறம் பின் கேட், சுற்றுவழி, பாதி வழியில் லாயத்துச் சுவர் ஓரமாக விளக்கில்லாத இடம். பாய்க்குப் பின்மண்டை, நமக்கு எந்தப் பக்கமோ. குதிரைக்கு வர மாட்டேன் என்கிறது, அவருக்கு வந்துவிடும் போலிருந்தது. பயந்தாங்கொள்ளி என்று தன்னைத்தானே வைதுகொண்டார், வைதும் பயம் குறையவில்லை. பேசாமல் இரு. பாய் வரப்போவதில்லை. மெஹருன்னிசாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. பேசாமல் இரு. ஸ்ஸீ... குதிரை மறுபடியும் மூலையைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லைடா என்று சொல்லத் தோன்றியது.

யாதகிரிதான் கெடுத்தான். கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை, பாவம், குதிரையின் அவஸ்தை பொறுக்காமல் கேட்டான். "அண்ணா, முன்னாடி ஒரு சீட்டி அடிச்சிங்க, கடைசில டொக் போட்டிங்க. வாலு தூக்கிச்சு. அதையே போடுங்க அண்ணா."

ஏகாம்பரம் மெல்லுவதை நிறுத்தினான். பக்கெட்டிலிருந்து எழுந்திருக்கவில்லை, முகம் மாறவில்லை, வாய் மட்டும் நின்றது. யாதகிரி சிரித்துக்கொண்டே அவனுக்கும் விளக்கம் சொன்னான், எத்தனையோ பேர் சீட்டி கேட்டிருக்கிறேன் ஜமேதார், டொக் வைக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவன் பாஷையில். ஏகாம்பரம் அவனைப் பார்க்கவில்லை. மாசிலாமணியைப் பார்த்தான், வெகு நேரம் பார்த்தான். மாசிலாமணி இந்தக் கண்ணை எட்டு மாசமாகப் பார்க்காமல் தப்பித்து வந்தவர், இப்போது தப்ப முடியவில்லை. அதில் கோபம் இல்லை. கறிக்கடையில் இன்னும் எத்தனை ஆடு நிற்கிறது என்று பார்க்கிறவன் பார்வை.

"எந்தச் சீட்டி மணியண்ணே?" என்றான் ஏகாம்பரம். "அடிங்க, நானும் கேக்கறேன்."

வெளியிலிருந்து டாக்டர் வந்துவிட்டார், கையில் பாட்டில். என்னய்யா, வர்ற சீட்டியை வெச்சுக்கிட்டா ஒரு மணி நேரமா உசிரை வாங்கறே, அடுத்த பந்தயம் கிளம்பப் போகுது, அடிச்சு முடி என்றார். மூன்று பேர் மாசிலாமணி உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குதிரையோடு நாலு. மாசிலாமணி உதட்டைக் குவித்தார். தன் சீட்டியை அடிக்கலாம், அடித்துவிட்டு, இதுதான் சார், அவன் ஏதோ உளறுகிறான் என்று சொல்லலாம். சொன்னால் ஏகாம்பரம் நம்பமாட்டான். நம்பாதவன் சும்மா விடமாட்டான். அடித்தாலும் செத்தேன், அடிக்காவிட்டாலும் செத்தேன். அப்படியானால் என்னத்துக்கு இத்தனை நாள் அந்த ஆமாம்மா, எதைக் காப்பாற்ற? இந்தக் கேள்வி வந்ததும் அவருக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை, எல்லார்மேலும் வந்தது, செத்துத் தொலைத்த பாய்மேல்கூட வந்தது. நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். மூன்று சின்னது. ஒரு நீளம். டொக்.

குதிரை காலை அகட்டி, முதுகைத் தாழ்த்தி, இத்தனை நேரம் அடக்கினதையெல்லாம் கொட்டியது. மாசிலாமணி கழியை நீட்டிப் பிடித்தார், ஒரு சொட்டு வெளியே போகவில்லை. ஏனம் நிறைந்து நுரைத்தது. குதிரை பெருமூச்சு விட்டது. டாக்டர் சந்தோஷமாகிவிட்டார், அட, பெரிய வித்தைக்காரன்யா நீ, யார்கிட்ட கத்துக்கிட்டே என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"தஸ்தகீர் பாய் சீட்டி சார் இது," என்றார் மாசிலாமணி. "இது அவர் குதிரை. ஈவினிங் பெல் இல்லே, கோரமண்டல் கிங். இடது கழுத்துல மயிருக்கு அடியில ரெட்டைச் சுழி இருக்கும். ஒதுக்கிப் பாருங்க."

சொல்லிவிட்டார். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை, மூக்கடைத்த குரல். டாக்டர் அவரைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், அப்புறம் ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் லேசாகச் சிரித்து, அண்ணனுக்கு வெயில் ஒத்துக்கலே சார், பாய் போனதிலேருந்து இப்படித்தான் என்றான். டாக்டருடைய கை குதிரையின் கழுத்து வரைக்கும் போனது. மாசிலாமணி அந்தக் கையைப் பார்த்தார். ஒரு விரல் போதும், மயிரை ஒதுக்க. கை அங்கே நின்றது, பிறகு இறங்கிச் சட்டைப்பைக்குள் போய்விட்டது. இதெல்லாம் எனக்கு வேண்டாம்ப்பா, மூத்திரம் எடுத்து அனுப்பறதுதான் என் வேலை, பெரிய இடத்து விவகாரம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மாசிலாமணிக்கு டாக்டர்மேல் கோபமே வரவில்லை. அந்த வார்த்தையை டீக்கடையில் உட்கார்ந்து பாயிடம் சொன்னவர்தானே அவரும், டாக்டர் கோட் போட்டுக்கொண்டு சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். டாக்டர் மேஜைக்குப் போய் பாட்டிலில் ஊற்றி, மெழுகு உருக்கி முத்திரை வைத்து, சீட்டில் ஈவினிங் பெல் என்று எழுதி ஒட்டி, வழக்கம்போல் சாட்சிக் கையெழுத்துக்கு அவரிடம் நகர்த்தினார். இருபத்திரண்டு வருஷத்தில் மாசிலாமணி எத்தனை ஆயிரம் சீட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார், ஒன்றையும் படித்ததில்லை. பேனாவை எடுத்தார். வைத்தார்.

"போட மாட்டேன் சார்."

டாக்டர் கெஞ்சுகிற மாதிரிப் பேசினார். நீ போடாட்டா ஏன் போடலேன்னு நான் காரணம் எழுதணும்ய்யா, மேலே போகும், கமிட்டி வரைக்கும் போகும், குதிரையை இங்கேயே நிறுத்திவைக்கணும், உன் வேலையும் போகும் என் வேலையும் போகும் என்றார்.

"எழுதுங்க சார்," என்றார் மாசிலாமணி. "அதைத்தான் கேக்கறேன்."

டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தார். எழுதுவாரா என்று நின்று பார்க்க மாசிலாமணிக்குத் தெம்பில்லை. நின்றால் மறுபடியும் பயம் வந்து பேனாவை எடுக்கவைத்துவிடும், தன்னைப் பற்றி அவருக்குத் தெரியாதா? வெளியே வந்து நடந்தார். பின் கேட் பக்கம் போக வேண்டிய கால் காலரிப் பக்கம் திரும்பியது. வெயில் இன்னும் காய்ந்தது, பந்தயம் கிளம்பிவிட்டது போலிருக்கிறது, ஜனம் எல்லாம் வேலியோரமாக முண்டிக்கொண்டு நின்றது, காலரிப் படிகள் காலியாக இருந்தன. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஏகாம்பரம் அவசரப்படாமல் ரெண்டடி தள்ளி வந்துகொண்டிருந்தான். பொண்ணு வந்திருக்காளாமே அண்ணே, ஏழு மாசமா, எந்த ஆஸ்பத்திரியில பாக்கறீங்க என்று விசாரித்தான். பொண்ணு இப்போது வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், கால் வீங்கியிருக்கிறது என்று சொன்னாள். திரும்பிவிடலாம். இன்னும் திரும்பலாம். ஒரு கையெழுத்து, ரெண்டு நிமிஷம், நாளைக்கு எல்லாம் பழையபடி. டாக்டர் இன்னும் எழுதியிருக்கமாட்டார். அங்கே போனால் ஒரு கையெழுத்து, இங்கே போனால் ஒரு வார்த்தை. பாதம் வலித்தது. மனுஷன் என்னத்துக்கு ஒருத்தியிடம் பொய் சொல்லித் தொலைக்கிறான், பொய் சொன்னவன் என்னத்துக்கு அதை மறக்காமல் இருக்கிறான். நூறு தப்படி இருக்கும் அந்தப் படிகளுக்கு, நூறையும் அவர் நடந்தார், ஏகாம்பரமும் நடந்தான்.

மெஹருன்னிசா மூன்றாவது படியில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். சிவப்பும் மஞ்சளுமாகக் கிழிந்த டிக்கெட் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். எட்டு மாசத்தில் இளைத்துப் பாதியாகிவிட்டாள். அண்ணே என்று சிரிக்கக்கூட வந்தாள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மாசிலாமணிக்கு என்னென்னவோ சொல்ல வேண்டியிருந்தது, பாச்சா உசிரோடு இருக்கிறது, பாய் சீட்டிக்கு இன்னும் காதைத் திருப்புகிறது, நான் ஒரு கோழை, என்னை மன்னித்துவிடு.

"இல்லேம்மா," என்றார். "குதிரை உதைக்கலே."

அவள் விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். வேலியோரத்து ஜனம் ஒரே கூச்சலாகக் கத்தியது, குதிரைகள் திருப்பத்தில் வந்துவிட்டன போலிருக்கிறது. அவள் அந்தக் கூச்சல் அடங்குகிறவரைக்கும் பொறுத்தாள். பிறகு, அன்றைக்கு வாசலில் நின்று கேட்டாளே, அதே குரலில், அழாமல் கேட்டாள்.

"அப்ப யாருண்ணே?"

ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும் என்றுதான் மாசிலாமணி நினைத்து வந்தார். முதுகுக்குப் பின்னால் வெற்றிலை வாசனை அடித்தது. அவர் திரும்பி, ஏகாம்பரத்தின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினார்.